குளிர் அறையில் சுக்குக் காபி

காரைக்காலில் ஒரு மனிதரை ஒரு மணி நேரம் குளிரில் உட்கார வைப்பது எவ்வளவு பெரிய பாடு என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், நான் பிஎச்.டி.க்குப் பதிவே செய்திருக்க மாட்டேன். மார்கழியிலும் மின்விசிறி சுற்றும் ஊர் இது. உப்புக் காற்றில் ஒரு ஏசி இரண்டு வருஷம் ஒழுங்காக ஓடினால் அதிசயம். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு குளிரைப் பற்றி ஆராய்ச்சி செய்யக் கிளம்பிய என் புத்தியைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நான் இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. படம் எடுப்பவள். பதினாறு வருஷமாக அதே டடக் டடக் சத்தம், "அசையாதீங்க, மூச்சை இழுத்துப் புடிங்க, விடுங்க" என்ற அதே மூன்று வசனம். முதுகெலும்பு, முழங்கால், மூளை என்று நாள் முழுக்க அடுத்தவர் உடம்புக்குள் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு முப்பத்தாறு வயதில் படிப்பு ஆசை வந்தது. வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் பகுதிநேரமாகச் சேர்ந்தேன். தலைப்பு, பழுப்புக் கொழுப்பு. வீட்டில் சொன்னபோது என் கணவர், "ஒனக்கு ஏற்கெனவே இருக்கறது போதாதா?" என்றார். அந்தக் கேலியை அதற்குப் பிறகு ஊரில் எல்லோரும் ஒரு தடவை சொல்லி முடித்தார்கள்.

விஷயம் இதுதான். நம் உடம்பில் இருக்கும் கொழுப்பில் பெரும்பகுதி வெள்ளைக் கொழுப்பு. அது சும்மா சேர்ந்து கிடக்கும். பழுப்புக் கொழுப்பு வேறு ரகம். குளிர் பட்டால் அது கொழுப்பை எரித்து உடம்புக்குச் சூடு கொடுக்கும். பிறந்த குழந்தைகளிடம் நிறைய உண்டு. பச்சைக் குழந்தைக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது, அதனால் அதற்கு இப்படி ஓர் அடுப்பு. வளர வளர அது குறைந்துபோய், பெரியவர்களிடம் கழுத்துக்குக் கீழே காறை எலும்புக் குழியிலும் முதுகெலும்பை ஒட்டியும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். சிலரிடம் அதுவும் இருக்காது.

எம்.ஆர்.ஐ.யால் இதைப் பார்க்க முடியும். தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜனும் கொழுப்பில் இருக்கும் ஹைட்ரஜனும் காந்தத்துக்குள் ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை. மிகச் சிறிய வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தைப் பிடித்துத் தண்ணீர்ப் படம் தனியாக, கொழுப்புப் படம் தனியாகப் பிரித்துவிடலாம். ஆளைச் சாதாரணமாக வைத்து ஒரு படம். ஒரு மணி நேரம் குளிர வைத்து இன்னொரு படம். இரண்டாவது படத்தில் காறை எலும்புக் குழியில் கொழுப்பின் பங்கு குறைந்திருந்தால், அங்கே பழுப்புக் கொழுப்பு இருக்கிறது, எரிகிறது என்று பொருள். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, குளிரைத் தவிர வேறு தொந்தரவு இல்லை.

சூடான ஊர்க்காரர்களிடம் இதையெல்லாம் தேடிப் பலனில்லை என்பார்கள். ஆனால் எங்கள் கடற்கரையில் ஐஸோடேயே பிழைப்பு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கிளிஞ்சல்மேட்டிலும் திருவேட்டக்குடியிலும் விடிவதற்கு முன்பே பாளம் பாளமாக ஐஸை உடைத்து மீன் பெட்டிகளில் கொட்டுகிறார்கள். கை ஐஸுக்குள், கால் ஐஸ் தண்ணீருக்குள், வருஷக்கணக்கில். அவர்கள் உடம்பில் அந்த அடுப்பு அணையாமல் இருக்குமோ? இதுதான் என் கேள்வி. நல்ல கேள்வி என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

என் வழிகாட்டிப் பேராசிரியரும் அப்படித்தான் சொன்னார். அவர் தன் ஊரை விட்டு நகராமல் போனிலேயே வழிகாட்டுகிறவர். என் பதிவுக் காலம் பங்குனியோடு முடிகிறது, அதற்குள் பத்துப் பேருடைய படங்களாவது கையில் இருந்தால்தான் நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போடுவேன் என்று தை பிறந்ததும் சொல்லிவிட்டார். கையெழுத்து இல்லையென்றால் ஐந்து வருஷப் படிப்பு தண்ணீரில் போனது மாதிரிதான். சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிடும். விசைப்படகு போகாது, ஐஸ் உடைக்க வேலை இருக்காது. இயந்திரமோ ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து வரைதான் எனக்குக் கிடைக்கும். ஞாயிற்றுக்கு ஓர் ஆள். பத்து ஞாயிறு. ஒன்றுகூட வீணாகக் கூடாது.

குளிர வைப்பதற்கு வெளிநாட்டில் தனிச் சட்டை விற்கிறார்கள். எனக்கு அது கட்டுப்படியாகாது. தெரிந்த தையல்காரரிடம் சொல்லி, கையில்லாத பருத்திச் சட்டை ஒன்றில் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை வளைத்து வளைத்துத் தைத்துக்கொண்டேன். ஒரு மீன் பெட்டி நிறைய ஐஸ் தண்ணீர், அதை இறைக்க மீன் தொட்டி மோட்டார் ஒன்று. துபாயில் பன்னிரண்டு வருஷம் ஏசி வேலை பார்த்துவிட்டு வந்த பாய் ஒருவர் குழாய் ஒழுகாமல் இணைத்துக் கொடுத்தார். எதற்கென்று சொன்னதும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். "யா அல்லா, மனுசனை ஐஸ்பெட்டியில வைக்கவா இவ்வளவும்?" என்றார். வைக்க இல்லை, பக்கத்தில் உட்கார வைக்க என்று விளக்கினேன். அவருக்கு அது பெரிய வித்தியாசமாகப் படவில்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆள் நடுங்கக் கூடாது. நடுங்க ஆரம்பித்தால் தசைகள் சூடு கொடுக்கத் தொடங்கிவிடும், பழுப்புக் கொழுப்பின் கணக்கு குழம்பிவிடும். நடுக்கத்துக்கு ஒரு நூல் இந்தப் பக்கம் நிறுத்தி வைக்க வேண்டும். நடுக்கம் வந்தால் பெட்டியிலிருந்து கொஞ்சம் ஐஸை எடுத்துவிட்டு, அடங்கியதும் திரும்பப் போட வேண்டும். அதனால் அந்த ஒரு மணி நேரமும் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த வேலையை எங்கள் பிரிவின் ஆயாவிடம் கொடுத்தேன். கிளிஞ்சல்மேட்டுக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், நான் அக்கா என்று கூப்பிடுவேன். நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு வருவது, உடை மாற்றி விடுவது எல்லாம் அவர் பொறுப்பு. எம்.ஆர்.ஐ. அறைக்குள் இரும்பு போகக் கூடாது. எங்கள் பெண்களோ தாலிக்கொடியில் ஊக்குகளைக் கோத்து வைத்திருப்பார்கள். கேட்டால் ஒன்றும் இல்லை என்பார்கள். அக்கா பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஏழு ஊக்கு எடுப்பார். என் ஆராய்ச்சிக்கு ஆள் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டிப் பார்த்தேன், ஒருவர் வரவில்லை. அக்கா தெருவில் ஒரு நடை போய்விட்டு வந்தார், பத்துப் பேர் தயார். "நான் கூட இருப்பேன்னு சொல்லிருக்கேன். அதாங்க வர்றாங்க" என்றார்.

ஒன்பது ஞாயிறும் வரிசையாக நடந்தன. வந்தவர்களே சைக்கிளில் சாக்குச் சுற்றி ஐஸும் கொண்டுவந்தார்கள். ஒருவர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வரச் சொன்னால் இரண்டு பொறை ரொட்டியும் ஒரு டீயும் சாப்பிட்டுவிட்டு, "அது சாப்பாடா மேடம்?" என்று என்னையே கேட்டார்; அவரைத் திருப்பி அனுப்பி மூன்றரை மணிக்கு ஓட ஓட எடுத்தேன். இன்னொருவர் அரைஞாண் கயிற்றில் தாயத்தோடு காந்தத்தின் வாசல் வரை வந்துவிட்டார். கரண்ட் போனது ஒரு ஞாயிறு. ஏசி அழுதது இரண்டு ஞாயிறு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு முதல் படம் எடுப்பேன், ஆளை அடுத்த அறையில் அக்காவிடம் ஒப்படைப்பேன், திரையின் முன்னால் வந்து உட்கார்ந்து எடுத்த படத்தில் தண்ணீரையும் கொழுப்பையும் பிரித்துக்கொண்டிருப்பேன். எனக்குக் கேண்டீனிலிருந்து டீ வரும். அக்காதான் கொண்டுவந்து வைப்பார். ஒரு மணி நேரம் கழித்து ஆள் வருவார், இரண்டாவது படம்.

இரண்டாவது படம் முதல் படத்தின் அச்சாக இருந்தது. ஒருவருக்கு அப்படி என்றால் போகட்டும். ஒன்பது பேருக்கும் அப்படியே. கொழுப்பின் பங்கு ஒரு சிட்டிகை குறையவில்லை. அக்கா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நோட்டில் எழுதியதைப் பார்த்தேன். நடுக்கம் என்ற கட்டத்தில் எல்லாப் பக்கத்திலும் 'இல்லை'. உள்ளங்கையின் சூடும் இறங்கவில்லை. ஐஸ் தண்ணீர்ச் சட்டையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்கு நடுக்கமும் இல்லை, கையும் சில்லிடவில்லை.

இங்கேதான் நான் என் அறிவைக் காட்டினேன். ஏதோ கோளாறு என்று சந்தேகப்படுவதற்குப் பதிலாகக் கண்டுபிடிப்பு என்று முடிவுகட்டினேன். ஐஸோடு வாழ்ந்து இவர்கள் தோலே பழகிவிட்டது, குளிரே உறைப்பதில்லை, அதனால்தான் அடுப்புக்கு வேலை இல்லை. பேராசிரியரிடம் போனில் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை "பலே" என்றார். அடுத்த வாரமே ஒரு கருத்தரங்குக்கான சுருக்கத்தில் 'கடலோர ஐஸ் தொழிலாளர்களிடம் நடுக்கமின்மை' என்று எழுதி, தன் பெயரை முதலிலும் என் பெயரை இரண்டாவதாகவும் போட்டு அனுப்பிவிட்டார்.

படம் எடுத்த மறுநாளே ஒவ்வொருவருக்கும் போன் செய்து ஏதாவது தொந்தரவு இருந்ததா என்று கேட்க வேண்டும் என்பது ஆராய்ச்சிக்கு அனுமதி தந்த நெறிமுறைக் குழுவின் விதி. நான் நாளை நாளை என்று தள்ளிப் போட்டு, ஒன்பதாவது ஆள் முடிந்த பிறகு ஒரே நாளில் எல்லோரையும் கூப்பிட உட்கார்ந்தேன். முதல் போன் திருவேட்டக்குடியில் ஐஸ் உடைக்கும் ஓர் இளந்தாரிக்கு.

"ஏதாச்சும் சிரமம் இருந்துச்சாங்க?" என்றேன்.

"ஒரு சிரமமும் இல்லைங்க மேடம். காபியிலதான் சீனி கொஞ்சம் கம்மி."

"எந்தக் காபி?"

"அதாங்க, உள்ள உக்கார வச்சிக் குடுத்தாங்களே, சுக்குக் காபி."

காதிலிருந்து போனை எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் வைத்துக்கொண்டேன். எத்தனை தடவை கொடுத்தார்கள் என்று கேட்டேன். மூன்று தடவை, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால் நன்றாக இருந்தது என்றார். அடுத்த போன் ஓர் அம்மாவுக்கு. "நல்லாப் பாத்துக்கிட்டாங்க. போர்வை போத்திவிட்டாங்க. ரொம்பக் குளுருன நேரம் மோட்டாரையும் செத்த நிறுத்தி வச்சாங்க" என்றார். மூன்றாவது போன், நாலாவது போன். எல்லோருக்கும் என் ஆராய்ச்சி ரொம்பப் பிடித்திருந்தது. ஐந்தாவதோடு நிறுத்திவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா அப்போது நடையில் சக்கர நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்ற நிற்பைப் பார்த்ததுமே துணியைக் கீழே வைத்தார்.

"உங்கள யாருக்கா காபி குடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க."

"ஒண்ணும் சாப்பிடக் குடுக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"சாப்பிடக் குடுக்கலையே மேடம். சுக்கு மருந்துதானே. கோயிலுக்கு வெறும் வயித்தோட போறவங்ககூடக் குடிப்பாங்க."

"நடுக்கம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க."

"நடுங்கலைங்க. நடுங்கற மாதிரி வந்தா உடனே குடுத்துருவேன்."

என்னால் அடக்க முடியவில்லை. குளிர வைப்பதற்குத்தான் கூட்டிவந்தேன், காபி கொடுத்து உபசரிக்க இது என்ன கல்யாண வீடா என்று கத்தினேன். ஒன்பது ஞாயிறு, ஒன்பது ஆள், என் படிப்பு, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்க்கில் ஊற்றிக் கெடுத்துவிட்டீர்கள் என்றேன். வார்டில் இருந்த நர்ஸ்கள் எட்டிப் பார்த்தார்கள். அதையும் பொருட்படுத்தாமல், அவர் பையில் செருகியிருந்த சிவப்பு பிளாஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பிடுங்கி என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

அக்கா அழவில்லை. "எனக்குப் பெரிய காரணம் எல்லாம் இல்லைங்க. குளுருதுன்னு சொன்னாங்க, குடுத்தேன்" என்றார். நான் திரும்பி நடந்த பிறகு, குரலை உயர்த்தாமலேயே இன்னொன்றும் சொன்னார். "நீங்களும் அந்த நேரம் டீ குடிச்சிட்டுத்தானே மேடம் இருந்தீங்க."

அந்த வாக்கியம் எனக்கு அன்றைக்கு வெறும் வாயாடித்தனமாகத்தான் பட்டது. கோபம் இரண்டு நாள் நின்றது.

கோபம் இறங்கியதும் பயம் பிடித்தது. பேராசிரியருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். சுருக்கத்தைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும் என்றார். பிறகு, "பத்துப் பேர் வேண்டாம். ஒரே ஒருத்தர் படத்தையாவது ஒழுங்கா எடுத்து அனுப்புங்க. உங்க முறை வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா கையெழுத்துப் போடறேன். இல்லைன்னா இதோட விட்டுருங்கம்மா" என்றார். பங்குனியில் எனக்கென்று இயந்திரம் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஞாயிறு. அக்கா ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டார். அது அவர் விடுமுறை நாள், கேட்க எனக்கு வாய் கிடையாது. அவர் இல்லையென்றதும் பத்தாவதாக வருவதாக இருந்தவரும் போனை எடுக்கவில்லை.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளிஞ்சல்மேட்டுக்குப் போனேன். யாராவது ஒருவரைக் காலில் விழுந்தாவது கூட்டிவர வேண்டும் என்ற எண்ணம். படகுகள் வந்து நின்றிருந்தன. ஐஸ் கொட்டகைக்குள் நாலைந்து பெண்கள் முட்டிவரை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மரச்சுத்தியால் பாளங்களை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்று ஓங்கி அடித்துக்கொண்டிருந்தது எங்கள் ஆயா அக்கா.

பிறகுதான் தெரிந்துகொண்டேன். தினமும் விடியலில் இங்கே இரண்டு மணி நேரம், அதற்குப் பிறகு குளித்துவிட்டு ஒன்பது மணிக்கு மருத்துவமனை. இருபது வருஷமாக அப்படித்தானாம். ஐஸில் வேலை செய்கிறவர் வேண்டும், ஐஸில் வேலை செய்கிறவர் வேண்டும் என்று நான் ஊரெல்லாம் தேடியபோது, தேடிக் கொடுத்தவரே அந்த வேலை செய்கிறவர். நான் ஒரு நாளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

யார் எவர் என்று விசாரிப்பதற்கு முன்பே ஒரு பெண் என் கையில் சூடான டம்ளரைத் திணித்துவிட்டுப் போனாள். சுக்குக் காபி. அங்கே அதுதான் வழக்கம் போலிருக்கிறது. கொட்டகைக்குள் கால் வைத்தவர் கையில் முதலில் டம்ளர், அப்புறம்தான் பேச்சு. குடித்துக்கொண்டே நின்றேன். அக்கா அந்தப் பாளத்தை உடைத்து முடித்துவிட்டுத்தான் வந்தார்.

"சொல்லுங்க மேடம்."

சொன்னேன். நாளை ஒரு நாள்தான், ஓர் ஆள்தான், இல்லையென்றால் எல்லாம் முடிந்தது என்று சுற்றி வளைக்காமல் சொன்னேன். அன்றைக்குக் கத்தியது தப்பு என்றும் சொன்னேன்.

"வேற யாரையும் கேக்காதீங்க. அதுங்களுக்கு மனசு விட்டுப் போச்சு" என்றார் அக்கா. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "நானே உக்கார்றேன். ஆனா, உள்ள என்கூட நீங்க உக்காரணும். எல்லாரும் அதைத்தாங்க கேட்டாங்க, அந்த மேடம் ஏன் உள்ள வரவே மாட்டேங்கறாங்கன்னு."

ஞாயிற்றுக்கிழமை சரியாக இரண்டு மணிக்கு வந்தார். வெறும் வயிறு. ஊக்குகளையெல்லாம் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார். ஐஸையும் அவரே கொண்டுவந்தார், கல் உப்பு மாதிரி பொடியாக உடைத்து. "பெரிய கட்டியா போட்டா சரியா குளுராதுங்க. பசங்ககிட்ட அப்பவே சொன்னேன்" என்றார். அந்த ஒன்பது வாரமும் அது வேறு தப்பாக நடந்திருக்கிறது. முதல் படம் எடுத்தேன். பிறகு அவருக்குச் சட்டையை மாட்டி, மோட்டாரைப் போட்டுவிட்டு, நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதல் பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு அவர் பேச்சு சுருங்கியது. கையில் மயிர் கூச்செறிந்து நின்றது. தோளை உள்ளே இழுத்துக்கொண்டார். எவ்வளவு நேரம் ஆச்சு என்றார். பதினேழு நிமிஷம். ஒரு மணி நேரத்தில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று எனக்கே மலைப்பாக இருந்தது. இருபத்திரண்டாவது நிமிஷத்தில் தாடை நடுங்க ஆரம்பித்தது. பெட்டியிலிருந்து இரண்டு கை ஐஸை அள்ளி எடுத்துவிட்டேன். அடங்கியது. திரும்பப் போட்டேன். முப்பதில் மறுபடியும் நடுக்கம், மறுபடியும் அள்ளினேன். இருபது வருஷம் ஐஸில் நின்ற உடம்பு. அதற்குக் குளிர் உறைக்கவே செய்யாது என்று கருத்தரங்குக்கு எழுதி அனுப்பியிருந்தோம்.

திரையின் முன்னால் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் ஓடிப்போய்விடும். இங்கே ஒவ்வொரு நிமிஷத்தையும் தள்ள வேண்டியிருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது மறுத்திருக்கலாம். உதடு வெளுத்து, கண்ணை மோட்டுவளையில் வைத்தபடி, என்னைப் பார்க்காமல் இருந்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டு எழுத வேண்டும். உள்ளங்கைச் சூடு இவ்வளவு, நடுக்கம் உண்டு, என்று எழுத வேண்டும்.

அன்றைக்குப் பிடுங்கிய பிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுப்பதற்காகக் கொண்டுவந்திருந்தேன். வெறுமையாகக் கொடுக்க மனமில்லாமல், எல்லாம் முடிந்த பிறகு குடிக்கட்டும் என்று வீட்டிலிருந்து சுக்குக் காபி போட்டு நிரப்பியிருந்தேன். மேசை மேல் இருந்தது. நாற்பத்தொன்றாவது நிமிஷம் என்று நோட்டு சொல்கிறது. நான் எப்போது எழுந்தேன், எப்போது அதைக் கையில் எடுத்தேன் என்று சத்தியமாக நினைவில்லை. சுக்கு வாசனை அறையில் பரவிய பிறகுதான் மூடியைத் திறந்திருப்பது எனக்கே தெரிந்தது. என் ஐந்து வருஷம், பேராசிரியரின் கையெழுத்து, பங்குனி, எதுவும் அந்த நேரம் ஞாபகத்தில் இல்லை. குளிருகிறது, கொடு. அவ்வளவுதான்.

அக்கா தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"மூடி வைங்க மேடம்."

நான் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"பத்தொம்போது நிமிஷம்."

"இருக்கட்டும்" என்றார். பல் தந்தியடிப்பதற்கு நடுவில் வார்த்தை துண்டு துண்டாக வந்தது. "இப்ப குடுத்துட்டு, அப்பறம் யாரைத் திட்டுவீங்க?"

மூடினேன். உட்கார்ந்தேன். கொஞ்சம் ஐஸை அள்ளி வெளியே போட்டேன். மீதிப் பத்தொன்பது நிமிஷமும் அவர் மோட்டுவளையையும் நான் அவரையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது படத்தைப் பிரித்தபோது ஐந்து மணி ஆகிவிட்டது. காறை எலும்புக் குழியில், இரண்டு பக்கமும், புளியங்கொட்டை அளவு இடத்தில் கொழுப்பின் பங்கு இறங்கியிருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மூன்று தடவை கணக்குப் போட்டேன். இறங்கித்தான் இருந்தது. போர்வைக்குள்ளிருந்து இரண்டாவது டம்ளரை உறிஞ்சிக்கொண்டிருந்த அக்காவைக் கூட்டிவந்து திரையில் அந்த இடத்தைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"இதுவா?"

"இதுதான்க்கா."

"இத்துனூண்டுக்கா என் பேர்ல அவ்வளவு சத்தம் போட்டீங்க?"

பிளாஸ்க்கைக் கழுவிக் கொடுத்தேன்.

பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். சும்மா போடவில்லை, முதல் ஒன்பது பேரின் படங்கள் ஏன் கழிக்கப்பட்டன என்று ஒரு பத்தி எழுதச் சொன்னார். நான் ஒரே வரி எழுதினேன்: குளிர் அறையில் ஆய்வாளர் இருக்கவில்லை. அவர் அதை அடித்துவிட்டு 'தொழில்நுட்பக் காரணங்கள்' என்று மாற்றி அனுப்பினார். நான் என் வரியைத் திரும்பப் போட்டு அனுப்பினேன். "இதெல்லாம் எழுதணுமாம்மா?" என்று போனில் சலித்துக்கொண்டார். எழுதணும் சார் என்றேன். இரண்டாவது தடவை அவர் அடிக்கவில்லை.

அடுத்த தை மாதம் அந்த ஒன்பது பேரையும் மறுபடி கூப்பிட்டோம். அக்கா தெருவில் ஒரு நடை போனார். எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்களாம், இந்தத் தடவை மேடம் உள்ளே உட்காருவாங்களா என்று. ஞாயிற்றுக்கு ஒருவராக வந்தார்கள், ஒரு சொட்டுக் காபி இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்கள். நடுக்கம் வந்தபோதெல்லாம் ஐஸை அள்ளி எடுத்து, நடுக்கம் என்ற கட்டத்தை இந்த முறை நானே நிரப்பினேன். ஒன்பது பேரும் நடுங்கினார்கள்.